ஏரிக்கு அடியில் வேலை

நான் ஏரியின் அடியில் வேலை பார்க்கிறேன்.
தாம்பெரே நகரம், ஆற்றோர நாடக அரங்கு,
மேடைக்குக் கீழே இரண்டரை மீட்டர் ஆழம்.
சம்பளச் சீட்டில் வேறு பெயர் போட்டிருக்கும்:
பொறிக்கதவு இயக்குபவர், கெர்த்து.

மேலே உறைந்த ஏரி.
திரைப்படத்தில் அது நிஜ ஏரி, நிஜக் குளிர்;
விளிம்பு தெரியாத வெள்ளையில்
ஒரு லாரி எறும்பாய் ஊர்ந்து வரும்.
பின்லாந்தில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
எங்களிடம் இருப்பது
பதினான்கு மரச்சட்டம், பால்நிறப் பிளாஸ்டிக்,
லாரியின் முன்பாதி.
பின்பாதியைப் பார்க்க வருகிறவர்கள்தான்
வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

முதல் வாரம் முழுக்க ஒரே சண்டை.
படத்தில், மூழ்குகிற கண்ணாடியில்
அவன் உள்ளங்கை மட்டும் தெரியும்.
பதினோரு நொடி. பேச்சில்லை, இசையில்லை.
திரை முழுக்க ஒரு கை,
ரேகைகூட எண்ணலாம்.
"இருபத்திரண்டாம் வரிசைக்கு
அந்தக் கை ஒரு கடுகு" என்றாள் இயக்குநர் ஹெல்வி.
"அப்படியானால் பாட்டு" என்றார் இசையமைப்பாளர் ராய்மோ.
"மூச்சு முட்டுகிறவன் எப்படிப் பாடுவான்?"
கேட்டது ஓஸ்மோ, மூழ்கப் போகிறவன்.
ராய்மோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"கரையில் நிற்கிறவள் பாடட்டும்.
அவளிடம்தானே காற்று இருக்கிறது."

அப்படி வந்தது அந்தப் பாட்டு.
நகரமே முணுமுணுக்கிறதாம்.
நான் அதைச் சரியாகக் கேட்டதே இல்லை.
பலகை வழியே இறங்குகையில்
சொற்கள் மேலேயே தங்கிவிடுகின்றன;
வுக்கோவின் காலடி மட்டும் வந்து சேரும்.
உச்ச ஸ்தாயிக்கு ஏறும் முன்
இடது குதிகாலை ஒருமுறை அழுத்துவாள்.
அதுதான் எனக்குச் சைகை.
தாழ்ப்பாளை விடுவிப்பேன்.

எட்டு நாற்பத்தேழு.
லாரியோடு இறங்கி வருவான் ஓஸ்மோ,
அவன் தலைக்கு மேல் நீலவெளிச்சம் மூடிக்கொள்ளும்.
மேலே எண்ணூறு பேர் மூச்சைப் பிடித்திருக்க,
கீழே அவன் கிசுகிசுப்பான்:
"இன்னிக்கு வியாழன்தானே? பட்டாணி சூப் மிச்சமிருக்கா?"
துண்டை நீட்டுவேன்.
சொட்டுத் தண்ணீர் இல்லாத ஏரி.
ஆனாலும் தொப்பலாகத்தான் வருவான்,
வியர்வையில்.

வாரத்துக்கு ஆறு சாவு.
சனிக்கிழமை மட்டும் இரண்டு.
படத்தில் இருப்பவன் ஒரே தடவை செத்தவன்;
நாற்பது வருஷமாய்
அதையேதான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
இவன் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சாக வேண்டும்:
ஜலதோஷத்தோடு ஒருநாள்,
மனைவியிடம் கோபித்துக்கொண்டு வந்த மறுநாள்,
வரிப்பாக்கி நோட்டீஸை உள்பையில் வைத்தபடி.

இடைவேளையில் காபி வரிசையில் பேசிக்கொள்வார்களாம்:
படத்தில் ஒரு நாய் வருமே, எங்கே?
படத்தில் அவள் தொப்பி சிவப்பாச்சே?
வாசலில் மேலங்கியோடு
படத்தையும் கழற்றி மாட்டிவிட்டு வர
ஒருவருக்கும் மனசு வராது.

ஒரு வெள்ளிக்கிழமை கதவு சிக்கிக்கொண்டது.
இடுப்புக்குக் கீழே ஏரி, இடுப்புக்கு மேலே ஓஸ்மோ.
வுக்கோ பாடி முடித்துவிட்டாள்.
வாத்தியக் குழு கடைசி ஸ்வரத்தை
விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது,
பஸ்ஸின் படிக்கட்டில் தொங்குகிறவர்களைப் போல.
நான் ஏணியில் ஏறி நெம்புகோலை உதைத்தேன்.
விரிசல் வழியே, முதல்முறையாக, அரங்கைப் பார்த்தேன்:
நடு வரிசையில் ஒருத்தி எழுந்து நின்று
அவனை நோக்கிக் கை நீட்டியிருந்தாள்.
இழுக்கவா,
முடிவு தெரிந்தவள், அமுக்கிவிடவா?
தெரியவில்லை.
கதவு விடுபட்டது. அவன் இறங்கினான்.
அவள் கை மேலேயே நின்றுவிட்டது.

நேற்று ஞாயிறு, விடுமுறை.
தொலைக்காட்சியில் அந்தப் படம்.
மீன் பொரித்துக்கொண்டே அரைக் கண்ணால் பார்த்தேன்.
லாரி வந்தது. பனி கீறியது.
கண்ணாடியில் கை.
எப்போது எழுந்து போனேன் என்று நினைவில்லை;
திரைக்கு முன்னால் நிற்கிறேன்,
நீட்டிய கையில் சமையலறைத் துண்டு.
பதினோரு நொடி.
அங்கே கீழே யாருமே இல்லை.

அடுத்த காட்சியில்
வசந்தம் வந்துவிட்டிருந்தது.
அடுப்பில் மீன் தீய்ந்தது.